நடு ஏரியில் ஏன் இறங்கினாய்?

"ஐயோ... ஐஸ் உடைஞ்சிட்டுது!"

அலறல் மலையில் மோதித் திரும்பி வந்தது.

தர்சினி கையிலிருந்த வடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

உறைந்த ஏரி வெள்ளை வேட்டி விரித்த மாதிரிக் கிடந்தது. எதிர்க்கரைக்குக் கிட்ட, அந்த வெள்ளையில் ஒரு கறுப்பு ஓட்டை! ஓட்டையின் விளிம்பில் குப்புறக் கிடந்தான் யதுஷன். கையில் நீளமான மரக்கொம்பு. அதைத் தண்ணீருக்குள் மாறி மாறிக் குத்திக்கொண்டிருந்தான்.

"கபில்! பிடியடா... பிடி!"

தண்ணீருக்கு மேலே ஒரு கை.

பிறகு விரல்கள் மட்டும்.

பிறகு... ஒன்றுமில்லை!

கபிலன்! வருகிற தையில் அவளுக்கு மோதிரம் போட இருந்தவன்.

மீட்புப் படையினர் கயிறும் ஏணியுமாக வந்தார்கள். இழுத்துப் போட்டார்கள். கபிலனின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. நெற்றி வெடித்து இரத்தம் கசிந்தது.

ஒருவன் அவன் கழுத்தில் விரல் வைத்தான். வைத்தபடியே இருந்தான்.

"உயிர் இருக்கோ?" தர்சினி கத்தினாள்.

"இருக்கு... நூலளவு!"

ஹெலிகொப்டர் பனியைக் கிளப்பிக்கொண்டு மெல்பேர்ன் பக்கம் பறந்தது. ஒரு இளம் கான்ஸ்டபிளும் கூடவே ஏறிப் போனான்.

அது கண்ணுக்கு மறைவதற்குள் அடுத்த இடி!

சிவப்புத் தொப்பி போட்ட உல்லாசப் பயணி ஒருத்தி யதுஷனை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அவன்தான்! கம்பால் அடித்துக்கொண்டே இருந்தான். தூரத்திலிருந்து என் கண்ணால் பார்த்தேன்!"

யதுஷனின் கையில் விலங்கு ஏறியது.

*

மலை மேல் பொலிஸ் நிலையம் என்பது ஒரு மரக் குடில். உள்ளே ஒரு ஹீட்டர், ஒரு மேசை, ஒரு சார்ஜன்ட். பெயர் ஹார்ப்பர். பெண். கண்ணில் மட்டும் ஹீட்டரின் சூடு இல்லை.

"இவன் வாயே திறக்கிறான் இல்லை," என்றாள் ஆங்கிலத்தில். "மொழிபெயர்ப்பாளர் வந்து சேர இருட்டிவிடும். நீ உதவுவாயா?"

தர்சினி யதுஷனைப் பார்த்தாள். கபிலனின் சிநேகிதன்; அவளைத் தங்கச்சி என்றே கூப்பிடுபவன். ஈர ஜாக்கெட். நடுங்கும் தாடை. பொலிசுக்கு முன்னால் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று ஊரில் அவன் படித்த பாடம் வேறு.

"யது, பயப்பிடாதை. நடந்ததைச் சொல்லு."

"தங்கச்சி... நான் அடிக்கேல்லை. பிடிக்கச் சொல்லிக் கொம்பை நீட்டினனான்."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். உவவுக்குத் தெரியுமோ? சார்ஜ் எண்டு ஒரு வரி எழுதினாக் காணும்! படகில வந்தவைக்குக் குடுத்த பிரிட்ஜிங் விசா கான்சல். திரும்ப டிடென்சன் காம்ப். பிறகு பிளேன்... ஊருக்கு!"

அவன் 'ஊருக்கு' என்று சொன்ன விதத்தில் ஹீட்டர்கூடக் குளிர்ந்தது.

ஹார்ப்பர் பேனையைத் திறந்தாள்.

"காலையில் பஸ்ஸில் இரண்டு பேரும் சண்டை போட்டீர்களாமே? டிரைவர் சொல்கிறார்."

போட்டார்கள். தர்சினியும் பார்த்தாள்.

ஓகஸ்ட் மாதம், ஆஸ்திரேலியாவின் குளிர்காலம். தமிழ்ச் சங்கத்தின் வருடாந்தப் பனி பார்க்கும் பயணம். ஸ்பிரிங்வேலில் இருந்து விடியப் புறப்பட்ட பஸ் நிறையப் புட்டுப் பார்சல், கட்டுச்சம்பல், குல்லாய் போட்ட சனம். கபிலன் மட்டும் கூடுதலாக ஒன்று ஏற்றியிருந்தான்.

சைக்கிள்!

வழுக்காமல் இருக்க டயர் முழுக்க நைலோன் கயிறு சுற்றியிருந்தான். "கடலையே படகில கடந்தவன், ஏரியைச் சைக்கிளில கடக்க மாட்டனோ?" என்று அவன் கேட்டபோது பஸ்ஸே சிரித்தது.

ஒருவரைத் தவிர. சங்கத் தலைவர் சிவபாலன். தர்சினியின் அப்பா!

"படகில வந்ததை மெடல் மாதிரிச் சொல்லுறான் பார்! இவனுக்கு என்ர மகளோ?"

கபிலன் எழும்பி ஏதோ சொன்னான். யதுஷன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துக் கத்தினான். முன் சீட்டில் இருந்த தர்சினிக்கு அதற்கு மேல் கேட்கவில்லை.

"என்ன யது சண்டை?"

"அவன் அங்கிளுக்குச் சொன்ன கதைக்குத்தான் பேசினனான். 'இனி உங்களைக் கண்டா நான் சைக்கிளால இறங்க மாட்டன் அங்கிள்' எண்டு சொல்லிப்போட்டான். பெரியாக்களுக்குச் சொல்லுற கதையே?"

தர்சினி மொழிபெயர்த்தாள். ஹார்ப்பரின் புருவம் உயர்ந்தது.

"சைக்கிளில் இருந்து இறங்க மாட்டேன் என்பது ஒரு திட்டா?"

"எங்கட ஆக்களுக்குப் பெரிய திட்டு."

"விசித்திரம். ஏனென்றால், அவன் இறங்கியிருக்கிறான்!"

ஹார்ப்பர் தன் கமெராவைத் திருப்பிக் காட்டினாள்.

திரையில் ஏரி. பனித்தூள் மேல் கயிறு சுற்றிய டயரின் தடம், சங்கிலி மாதிரி. நேராக... நேராக... எதிர்க்கரைக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று இடது பக்கம் வளைந்தது. அங்கே டயர்த் தடத்தோடு காலடிகளும் சேர்ந்துகொண்டன. ஓட்டை வரை.

"நேராகப் போயிருந்தால் கரை சேர்ந்திருப்பான். ஆனால் திரும்பினான். இறங்கினான். சைக்கிளை உருட்டினான். யாரோ அவனை மறித்திருக்கிறார்கள். மீட்புப் படையை விட்டால், ஓட்டைக்குப் பக்கத்தில் ஐஸ் மேல் இருக்கும் மற்றக் காலடிகள் இவனுடையவை மட்டும்தான்!"

"நான் பின்னால ஓடினனான் தங்கச்சி! வீடியோ எடுக்கப் பாத்தனான், போன் குளிரில செத்துப்போச்சு. தலையை நிமித்திறன்... அவனைக் காணேல்லை!"

அவன் பேச்சு தர்சினியின் காதில் ஏறவில்லை. திரையையே பார்த்தாள்.

ஏன் இறங்கினாய், கபில்?

மெல்லிய ஐஸில் சைக்கிளில் போகிறவன், போகிற வரைக்கும்தான் தப்புவான். பாரம் இரண்டு சக்கரத்துக்குப் பிரியும். இறங்கினால் முழு உடம்பும் ஒரு பாதத்தில்! பௌதிகவியல் படித்த அவளுக்கு அது தெரியும். மெக்கானிக்கான அவனுக்கும் தெரியும். தெரிந்தும் இறங்கினான்...

அவள் திரையிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"சார்ஜன்ட்... அவனை ஒருத்தரும் மறிக்கேல்லை."

"பிறகு?"

"அவன் மரியாதை குடுத்திருக்கிறான்!"

"என்ன?"

"எங்கட ஊரில பெரியாக்கள் நிண்டா சைக்கிளில இருந்தபடி போறேல்லை. இறங்கி, உருட்டிக்கொண்டு போவினம். சின்ன வயசில இருந்தே பழக்கம். யோசிச்சு இறங்கிறேல்லை. கால் தானா இறங்கும்!"

"ஐஸ் மேலுமா?"

"ஐஸ் மேலும்தான். கரையில ஆரோ நிண்டிருக்கினம். அவன் மதிக்கிற ஒராள்!"

ஹார்ப்பர் பேனையை மூடினாள். முதல் தடவையாக அவள் கண்ணில் ஏதோ அசைந்தது.

"ஓடை வந்து ஏரியில் விழும் இடம் அது. ஓடுகிற தண்ணீர், அதனால் அங்கே ஐஸ் காகிதம் மாதிரி. பஸ் வந்ததும் நான் ஏறி அதைத்தானே எச்சரித்தேன்!"

"ஓம். நான்தான் பெரியாக்களுக்குத் தமிழில சொன்னனான். கபிலன் கேக்கேல்லை. கீழ நிண்டு சைக்கிள் இறக்கிக்கொண்டு நிண்டவன்."

ஹார்ப்பர் அடுத்த படத்துக்குப் போனாள். ஓடைக் கரை. மரங்களுக்கு இடையில் பனியில் சப்பாத்துத் தடங்கள். சிறியவை. தட்டையானவை.

"இது எனக்குப் புரியவே இல்லை. உங்கள் பஸ்ஸில் எல்லாரும் ஒரே கடையில் வாடகை பூட்ஸ் எடுத்தீர்கள். எல்லார் தடமும் ஒன்று. இது அந்தக் கடைச் சப்பாத்து இல்லை!"

தர்சினி எழும்பினாள். கதிரை பின்னால் விழுந்தது.

"எங்கே போகிறாய்?"

"அப்பாட்ட!"

*

வாடகைக் கடையில் சிவபாலன் இன்னமும் கத்திக்கொண்டுதான் இருந்தார். கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெண்பிள்ளை அழுகிற நிலையில்.

"இந்தப் பூட்ஸில லேஸ் முதலே அறுந்திருந்தது! நான் லோயரைக் கூப்பிடுவன்!"

"அப்பா! இஞ்ச எவ்வளவு நேரமா நிக்கிறீங்கள்?"

"மத்தியானம் தொடக்கம்! கேளன் உவளை. ஹெலிகொப்டர் போனதுகூட இஞ்ச நிண்டுதான் பாத்தனான்." சட்டென்று குரல் தணிந்தது. "பொடியனுக்கு எப்பிடிப் பிள்ளை? எனக்கு அவனைப் பிடிக்காதுதான். அதுக்காகச் சாகச் சொல்லேல்லை."

கவுண்டர்ப் பெண் பரிதாபமாகத் தலையாட்டினாள். மத்தியானம் தொடக்கம் இவர்தான்!

தர்சினி குனிந்து பார்த்தாள். அப்பாவின் காலில் வாடகை பூட்ஸ்.

அப்பா இல்லை. அப்பாவுக்குக் கபிலன் இறங்கியிருக்கவும் மாட்டான்.

"அப்பா... எல்லாரும் பூட்ஸ் எடுத்தவையோ?"

"உன்ர அம்மாவைத் தவிர. கெஞ்சிப் பாத்தன். 'கண்டவன் நிண்டவன் காலை விட்ட சப்பாத்துக்குள்ள நான் கால் வைக்கிறதோ' எண்டு கேட்டா. அவவின்ர குணம் தெரியும்தானே? தன்ர சப்பாத்தோடையே பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு போனவ."

"எங்க?"

"ஏரிப்பக்கம். பொடியனுக்குத் தேத்தண்ணி குடுக்கவாம்."

தர்சினிக்கு ஒரு பேச்சு நினைவு வந்தது.

'அன்ரி எண்டு கூப்பிடாதை தம்பி. மாமி எண்டு கூப்பிடு.' அம்மா கபிலனுக்குச் சொன்னது. அப்பா பேசப் பேச, அம்மாதான் அவன் சோற்றில் இன்னும் ஒரு கரண்டி மீன்குழம்பு ஊற்றினாள். அம்மாவைக் கண்டால் அவன் தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்குவான்!

*

பஸ் வெறுமையாக இருந்தது. அம்மா கமலேஸ்வரி கடைசி சீட்டில் இருந்து புட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தாள். மூடி பொருந்துகிறதா என்று பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"சாப்பிட்டனியோ பிள்ளை?"

"அம்மா... ஓடைக்கரையில நீங்களோ நிண்டனீங்கள்?"

"ஓம்."

ஒரு தயக்கம் இல்லை!

"கபிலனைக் கூப்பிட்டனீங்களோ?"

"ஓம். தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டனான். வந்தான். ஐஸ் உடைஞ்சது. பாவம்."

"அந்த இடம் மெல்லிசு எண்டு நான்தானே உங்களுக்குச் சொன்னனான்! நீங்கள் ரெண்டாம் தரம் கேட்டனீங்கள். 'எந்தப் பக்கம்... அந்த ஓடைப் பக்கமோ' எண்டு!"

"கேட்டனான்."

"உங்களைக் கண்டா அவன் இறங்குவான் எண்டு தெரியும்!"

"நல்ல பழக்கமுள்ள பொடியன். அதில குறை சொல்லேலாது."

"அம்மா!"

"கத்தாதை. குளிருக்குத் தொண்டை கட்டும்." கமலேஸ்வரி அடுத்த பெட்டியை எடுத்தாள். "உன்ர அப்பா கத்துவார். கத்தி என்ன கண்டவர்? நீ இன்னும் அவனோட ஒட்டிக்கொண்டாய். லண்டனில டொக்டர் மாப்பிள்ளை. சாதகம் பொருந்தி, வீடும் பாத்தாச்சு. நீ என்னெண்டா நாளைக்கு ஏத்தி அனுப்பக்கூடிய ஒருத்தனைக் கட்டி, அவனுக்குப் பின்னால கோர்ட்டுக் கோர்ட்டா அலையப் போறாய். நான் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

"அதுக்காக... கொலையோ?"

"தள்ளினனானோ? அடிச்சனானோ? தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டது கொலையெண்டு எந்தக் கோர்ட் சொல்லும்?"

தர்சினி சீட்டுக்குக் கிட்ட வந்தாள்.

"அப்ப யதுஷன்? அவனைப் பிடிச்சு வச்சிருக்கினம்! அவன்ர விசா போகப்போகுது!"

"அவனும் படகில வந்தவன்தானே..."

பெட்டியின் மூடி 'டக்' என்று பொருந்தியது.

தர்சினி தாயின் கையைப் பிடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கையை முறுக்கினாள்.

"எழும்புங்கோ. பொலிசிட்ட வாங்கோ."

"வாறன். விடு, நானே நடப்பன்." கமலேஸ்வரி சேலைத் தலைப்பைக் கோட்டுக்குள் ஒழுங்காகச் செருகினாள். "மகளுக்கு அதிர்ச்சியில மனம் குழம்பிப்போச்சு எண்டு நானே சொல்லுறன்."

*

சொன்னாள். அழகான ஆங்கிலத்தில், அளவான கண்ணீரோடு.

"தேநீர் கொடுக்க நின்றேன் சார்ஜன்ட். என் வருங்கால மருமகன். கையை அசைத்துத் திரும்பிப் போகச் சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை. பயத்தில் எனக்குக் குரலே வரவில்லை..."

"பொய்!" என்றாள் தர்சினி.

ஹார்ப்பர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சலிப்போடு நெற்றியைத் தடவினாள்.

"கூப்பிட்டாரா, போகச் சொன்னாரா... கரையில் நடந்ததைச் சொல்ல ஒருவன்தான் இருக்கிறான். அவன் பேசும் நிலையில் இல்லை. எனக்கு இருப்பது கம்போடு பிடிபட்ட ஒருத்தனும், அவன் அடித்ததைப் பார்த்த சாட்சியும். மன்னித்துக்கொள்."

அவள் யதுஷனின் பெயரை எழுதத் தொடங்கினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

டிரிங்... டிரிங்...

மேசைத் தொலைபேசி!

ஹார்ப்பர் எடுத்தாள். கேட்டாள். பேனை நின்றது.

"கண் திறந்துவிட்டானா? ஸ்பீக்கரில் போடுகிறேன்!"

இளம் கான்ஸ்டபிளின் குரல் வந்தது. "பேசுகிறான் சார்ஜன்ட். ஆனால் ஆங்கிலம் வரவில்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான்."

கரகரத்த மூச்சு. பிறகு...

"மாமி... மாமி எங்க?"

தர்சினி மேசையைப் பற்றிக்கொண்டாள்.

"கபில்! நான் தர்சினி! என்னடா நடந்தது? சார்ஜன்ட் பக்கத்தில நிக்கிறா. சொல்லு!"

"தர்சினி... மாமி அந்தக் கரையில நிண்டவ. 'வா தம்பி, வந்து குடி' எண்டு கூப்பிட்டவ. அதுதான் திரும்பினனான்..."

கமலேஸ்வரி மகளின் காதோரம் குனிந்தாள். குரல் தேன்.

"பிள்ளை, உவவுக்குத் தமிழ் தெரியாது. முழுக்கச் சொல்லவேணுமெண்டில்லை. 'நிண்டவ' எண்டதை மட்டும் சொல்லு. நான் உன்னைப் பெத்தவள்."

ஹார்ப்பர் காத்திருந்தாள். யதுஷன் கண்ணைத் திறந்தான். அவனுக்கு இரண்டு மொழியும் தேவைப்படவில்லை. தர்சினியின் முகத்தையே பார்த்தான்.

ஒரு சொல். அதை விழுங்கினால் அம்மா வீட்டுக்கு வருவாள். சொன்னால் யதுஷன் வருவான்.

தர்சினி வாயைத் திறந்தாள். குரல் உடைந்தது. சொல் உடையவில்லை.

"என் அம்மா அவனைக் கூப்பிட்டார். 'வா, வந்து குடி' என்று கூப்பிட்டார்."

பேனை ஓடியது.

கமலேஸ்வரி நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. "மயக்கத்தில உளறுறான். எந்த லோயரும் இதை..."

"மாமியைக் கண்டிட்டு இறங்காமல் போகலாமே?" ஸ்பீக்கரில் கபிலன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். "இறங்கினன்... உடைஞ்சது... விளிம்பில தலை அடிபட்டது. தர்சினி, ஐஸ் மாமி நிண்ட பக்கமாத்தான் வெடிச்சுப் போனது. மாமி விழேல்லைத்தானே? அவவுக்கு நீந்தத் தெரியாது. ஆரும் போய்ப் பாத்தனீங்களோ? முதல்ல அவவைப் பாருங்கோடா...!"



கமலேஸ்வரி வாயைத் திறந்தாள். ஆங்கிலம் வரவில்லை. தமிழும் வரவில்லை. விழுந்த கதிரையைத் தானே நிமிர்த்தி, அதில் மெல்ல உட்கார்ந்தாள்.

"உவனுக்குச் சொல்லு..." என்றாள் கடைசியில். "மாமி விழேல்லை எண்டு."

பிறகு ஹார்ப்பரைப் பார்த்து, ஆங்கிலத்தில், கண்ணீர் இல்லாமல்:

"எழுதுங்கள். நான்தான் கூப்பிட்டேன். தெரிந்துதான் கூப்பிட்டேன்."

ஹார்ப்பர் யதுஷனின் பெயர் எழுதியிருந்த தாளைக் கிழித்தாள். விலங்குச் சாவியை எடுத்தாள்.

யதுஷன் மணிக்கட்டைத் தேய்த்தான். தர்சினி அழவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் தோளில் தன் ஈர ஜாக்கெட்டைப் போடப் போனவன், ஈரம் என்று நினைவு வந்து திரும்ப எடுத்துக்கொண்டான்.

"டேய் யது..." ஸ்பீக்கரில் கபிலன். "என்னடா அங்க நடக்குது? ஆரும் சொல்லுங்கோவன்!"

யதுஷன் தொலைபேசிப் பக்கம் குனிந்தான்.

"கபில்... மாமியார் கொடுமை எண்டு எத்தினையோ கேள்விப்பட்டிருக்கிறன் மச்சான். கலியாணத்துக்கு முதலே தொடங்கினதை இண்டைக்குத்தான்ரா பாக்கிறன்!"